பெல் அடித்த பிறகு நாலு வரி

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்துபோனது. ஆலங்குடிப் பக்கத்தில் எந்தத் தோப்புக்குள் நுழைந்தாலும் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்தன. எங்கள் பள்ளிக்கூடத்துப் புங்கமரம் வேரோடு விழுந்ததில் மூன்றாம் வகுப்பு அறையின் ஓடுகள் நொறுங்கிப்போயின. பள்ளி திறந்தபோது கரண்ட் இல்லை. கரும்பலகை மழையில் ஊறிச் செதில் செதிலாக உரிந்திருந்தது. பிள்ளைகளை வராந்தாவில் வட்டமாக உட்காரவைத்து, சிலேட்டை மட்டும் நம்பிப் பாடம் நடத்தினேன்.

கரும்பலகை இருந்தவரை நான் அதற்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் 35 என்று எழுதியிருந்தார்கள். அதே விடையை அதற்கு முன்னால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, "கடன் வாங்க மறந்துட்டியா?" என்று கேட்டு, பலகைக்குப் போய் இன்னும் சத்தமாக விளக்குவேன். அன்று போவதற்குப் பலகை இல்லை. பக்கத்தில் இருந்த பையனிடம், "இதை எப்படிப்பா போட்ட?" என்று கேட்டேன்.

"ரெண்டுலேருந்து ஏழு போகாதுல்ல டீச்சர். அதான் ஏழுலேருந்து ரெண்டைக் கழிச்சேன். நீங்கதானே சொன்னீங்க, பெரிய நம்பர்லேருந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்னு."

நான்தான் சொன்னேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என்னிடம், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஒன்றாம் வகுப்பில் ஒற்றை இலக்கக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த வாக்கியம் வசதியாக இருந்தது. 2006-ல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்லி வந்திருக்கிறேன். பிள்ளைகள் அதை அப்படியே நம்பி, மூன்றாம் வகுப்புக்கு வந்து, நான் சொன்னபடியே செய்து, என்னிடமே சிவப்பு மை வாங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம். இதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. என் வகுப்புக்குள் வந்து ஒரு பிள்ளையின் சிலேட்டைக் குனிந்து பார்த்தவர் யாரும் இருந்ததில்லை, நான் உட்பட.

அன்று சாயங்காலம் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது. அதை எப்படி எழுதுகிறேன், எழுதியதை வைத்து என்ன செய்கிறேன், யாரிடம் எடுத்துப் போகிறேன் என்பதை இங்கே சொல்கிறேன். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை, எனக்குத் தெரிந்த வேலையை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் என் தங்கையும் இதே மாதிரி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். உங்கள் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது

முதலில் ஒன்று. இந்த நோட்டு பாடக்குறிப்பேடு கிடையாது. பாடக்குறிப்பேட்டை அதிகாரி பார்ப்பார், அதனால் நாம் அதில் நடக்க வேண்டியதைத்தான் எழுதுவோம். இதில் நடந்ததை எழுத வேண்டும். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் மூன்றாம் நாளே பொய் கலந்துவிடும். என் நோட்டு என் பையில்தான் இருக்கும். யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. பிள்ளைகளின் பெயரை முதல் எழுத்தால் மட்டும் குறிக்கிறேன்.

4.10-க்குப் பெல் அடிக்கும். என் பஸ் 4.40-க்கு. பிள்ளைகள் போனதும், கதவைப் பூட்டுவதற்கு முன்னால், அந்தத் தரையிலேயே உட்கார்ந்து எழுதிவிடுவேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்த நாட்களில் ஒரு வரிகூட எழுதியதில்லை. உலை வைத்த பிறகு பிள்ளை சொன்ன வார்த்தை ஞாபகத்தில் இருக்காது, அதன் சாரம்தான் இருக்கும். சாரம் நமக்கு உதவாது, வார்த்தைதான் வேண்டும்.

நாலு வரி போதும். முதல் வரியில், இன்றைக்கு இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு என்ன வர வேண்டும் என்று நினைத்தேன். இரண்டாவதில், ஒரே ஒரு பிள்ளை செய்தது அல்லது சொன்னது, அதன் வாய்மொழியிலேயே. மூன்றாவதில், நான் எதிர்பாராதது எது. நான்காவதில், நாளைக்கு மாற்றிச் செய்யப்போகும் ஒரே ஒரு காரியம்.

என் முதல் நோட்டின் முதல் வாரத்தைப் புரட்டினால் வெட்கமாக இருக்கிறது. "இன்று வகுப்பு நன்றாகப் போனது." "மனசு சரியில்லை, பிள்ளைகள் கவனிக்கவில்லை." "இன்னும் பொறுமை வேண்டும்." இப்படியே ஐந்து நாள். இதில் ஒன்றை வைத்தாவது மறுநாள் எதையாவது மாற்ற முடியுமா? எந்தப் பிள்ளை கவனிக்கவில்லை, எந்த நிமிஷத்தில், அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எதிலும் இல்லை. தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது என்றால் 'நான் நல்ல டீச்சரா' என்று கேட்டுக்கொள்வது என்று அப்போது நினைத்திருந்தேன். அந்தக் கேள்வியால் தூக்கம் கெட்டது, கழித்தல் கணக்கு திருந்தவில்லை. 'அந்தப் பிள்ளை என்ன சொன்னது' என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் நோட்டுக்கு உயிர் வந்தது.

இரண்டு மாதம் கழித்து எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன்:

"நினைத்தது: ர, ற வித்தியாசம். நடந்தது: 'மரம், மறம்னு ரெண்டையும் நீங்க ஒரே மாதிரிதான் டீச்சர் சொல்றீங்க' என்றாள் ச. எதிர்பாராதது: அவள் சொன்னது சரி. நாளைக்கு: வாயால் வேறுபடுத்தச் சொல்லக் கூடாது. வார்த்தையின் பொருளை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மரம், மரக்கிளை, மரப்பெட்டி என்று குடும்பமாகக் கொடுக்க வேண்டும்."

எங்கள் ஊர்ப் பேச்சில் அந்த இரண்டு எழுத்துக்கும் ஒலி வேறுபாடு அநேகமாக இல்லை. இல்லாத வேறுபாட்டைக் காதால் பிடிக்கச் சொல்லி எத்தனை பிள்ளைகளை அலைக்கழித்திருப்பேன்! ஏழு வயதுப் பிள்ளை அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறாள். அன்று எழுதி வைக்காமல் இருந்திருந்தால் "சரி சரி, உட்காரு" என்றதோடு அது போயிருக்கும்.

'எதிர்பாராதது எதுவும் இல்லை' என்று தோன்றும் நாளில் நான் செய்வது இது: அன்று முழுக்க வாயே திறக்காத ஒரு பிள்ளையை நினைவுக்குக் கொண்டுவந்து, அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது, கையில் என்ன வைத்திருந்தது என்று எழுதப் பார்ப்பேன். எழுத முடியாவிட்டால், "இன்று அ-வை நான் பார்க்கவே இல்லை" என்று எழுதுவேன். மறுநாள் முதலில் அவனிடம்தான் போவேன்.

வெள்ளிக்கிழமை வாசிப்பு

எழுதுவதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அந்த வாரத்தின் ஐந்து பக்கத்தையும் சேர்த்து வாசிப்பேன். திரும்பத் திரும்ப வரும் வார்த்தைக்கு அடியில் கோடு போடுவேன். 2019 ஜனவரியில் இப்படி வாசித்தபோது மூன்று வாரத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து ஒரு தடவைகூட நோட்டில் வரவில்லை என்று தெரிந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, தொந்தரவு இல்லாத பிள்ளை, அதனாலேயே என் கண்ணில் படாத பிள்ளை.

அதற்குப் பிறகு ஒரு சின்ன வேலை செய்தேன். பிள்ளைகள் உட்காரும் இடத்தை ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு, ஒரு பாடவேளையில் நான் யாரைக் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நாற்பது நிமிஷத்தில் 23 கோடு. அதில் 17 கோடு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஐந்து பேருக்கு. இதை நீங்கள் நாளைக்கே செய்து பார்க்கலாம், ஒரு தாளும் பென்சிலும் போதும். எண்ணிப் பார்ப்பதற்கு முன் என்னிடம் கேட்டிருந்தால் 'எல்லாரையும் சமமாகத்தான் கேட்கிறேன்' என்று சத்தியம் செய்திருப்பேன்.

அதே போல இன்னொன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள்; அதை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதை ஒரு பயிற்சியில் கேட்டபோது எனக்குப் பொருந்தாது என்று நினைத்தேன். பிறகு என் போனை மேஜையில் வைத்துப் பதினைந்து நிமிஷம் பதிவு செய்து, பிள்ளைகள் போனபின் தனியாக உட்கார்ந்து கேட்டேன். கேள்வியைக் கேட்டுவிட்டு மூச்சு விடுவதற்குள் நானே பதிலின் முதல் எழுத்தை எடுத்துக்கொடுக்கிறேன். "பத்து... பத்து எத்தனை சேர்ந்தா நூ...?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

இப்போது கேள்வி கேட்டதும் மனசுக்குள் "ஒரு புளியங்கொட்டை, ரெண்டு புளியங்கொட்டை, மூணு புளியங்கொட்டை" என்று எண்ணுகிறேன். நிதானமாக எண்ணினால் மூன்று நொடி. முதல் வாரம் அந்த மௌனத்தைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது. இரண்டாம் வாரம், மூணாவது புளியங்கொட்டைக்குக் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு மூன்று விஷயம். ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: காத்திருக்கும் நேரம், அல்லது யார் பேசுகிறார்கள், அல்லது நீங்கள் பாராட்டும் விதம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் மனசு ஒடிந்துபோகும். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். அதில் பிள்ளைகளின் குரல் இருக்கிறது. அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

யாரைப் பார்த்துக் கற்பது

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1991-ல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் பழக்கினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். எங்கள் அம்மாவும் பழகினார். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தது பிளஸ் டூ முடித்த ஒரு அக்கா, சம்பளம் இல்லாத தொண்டர். முதல் நாள் அந்த அக்கா ஒவ்வொரு பெண்ணிடமும், "உங்களுக்கு முதல்ல எந்த வார்த்தையப் படிக்கணும்?" என்று கேட்டார். அம்மா, "ஆலங்குடி" என்றார். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் ஒருமுறை வேறு பஸ்ஸில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பியவர் அவர். அம்மாவுக்கு எழுத்து 'அ'-வில் தொடங்கவில்லை, 'ஆ'-வில் தொடங்கியது.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அக்கா செய்ததை என் வகுப்பில் செய்து பார்க்க எனக்கு 2019 ஆனது. அதனால் சொல்கிறேன்: யாராவது உங்களை நெகிழவைத்தால் நெகிழ்ந்ததோடு விடாதீர்கள். அவர் கையால் என்ன செய்தார், வாயால் என்ன கேட்டார் என்று பிரித்து எழுதுங்கள். அதில் ஒன்றை எடுத்து ஒரு வாரத்துக்குள் செய்யுங்கள். ஒன்றுதான். நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "அப்பா பேரு", "பரோட்டா", "ஜேசிபி" என்று வந்தது. 'ஜேசிபி' கேட்ட பையன் நாலு நாளில் அதை எழுதிவிட்டான்.

பார்த்ததை அப்படியே பெயர்த்து வைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. செயல்வழிக் கற்றலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷி வேலியில், சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அது. பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், ஒவ்வொருவரும் தன் வேகத்தில், அட்டைகளை எடுத்துப் படிப்பது. அதைப் பார்த்துவிட்டு வந்து 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. நான் அப்போது புது டீச்சர். அட்டைகள் வந்தன, சுவரில் பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படிப் படம் வந்தது, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் வந்தது, பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகையும் வந்தது. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பழைய மாதிரியே நின்று ஒரே பாடத்தை எல்லாருக்கும் நடத்தினேன். அந்த முறையை உருவாக்கியவர்கள் எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கீழ்மட்டக் கரும்பலகை எதற்கு என்று மட்டுமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால்! ஒவ்வொரு பிள்ளையும் தன் இடத்தில் எழுதினால், டீச்சர் ஒரு சுற்று நடந்தாலே யார் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கஜா வந்து சிலேட்டைப் பார்க்கவைத்ததற்குப் பத்து வருடம் முன்பே அந்தப் பலகை என் வகுப்பில் இருந்தது. அதில் நான் சார்ட் ஒட்டி வைத்திருந்தேன்.

இப்போது 2022-லிருந்து தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்திருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்த முறை கையேடு வந்ததும் நோட்டில் முதலில் எழுதியது: "இது எதைச் சரிசெய்ய வந்தது?"

உங்கள் தொழிலுக்கு வெளியே ஒருவரையும் பார்த்து வையுங்கள். எங்கள் தெருவில் தையல் சொல்லிக்கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் வாரம் மெஷினைக் கொடுக்க மாட்டார். பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வார். "பிரிச்சுப் பார்த்தாத்தான் எப்படித் தைச்சிருக்குன்னு தெரியும் டீச்சர்" என்றார். அன்று ராத்திரி முழுக்க அது மனசில் ஓடியது. இப்போது எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை 'தப்புக் கணக்கு'. நானே தப்பாகப் போட்ட கணக்கைப் பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் அதைப் பிரித்து, போட்டவர் என்ன நினைத்துப் போட்டிருப்பார் என்று சொல்ல வேண்டும். 42 கழித்தல் 17 சமம் 35 அதில் முதல் கணக்கு. "இவரு மேல கீழ மாத்திக் கழிச்சிட்டாரு" என்று அவர்களே சொன்னார்கள். அடுத்து விளக்குமாற்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். நாலு கட்டு, ரெண்டு குச்சி. ஏழு குச்சி எடுக்க வேண்டும், கையில் இரண்டுதான் இருக்கிறது. ஒரு பிள்ளை யோசித்துவிட்டு ஒரு கட்டை அவிழ்த்தது. "கடன்" என்ற வார்த்தையை அன்றோடு விட்டுவிட்டேன். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், இங்கே யாரும் யாருக்கும் எதையும் திருப்பித் தருவதில்லை. எங்கள் வகுப்பில் அது இப்போது 'கட்டு அவிழ்த்துக் கழித்தல்'.

இன்னொருவரை உள்ளே விடுவது

எனக்கு மிகவும் பயமாக இருந்தது இதுதான். இதனால்தான் மிகவும் மாறினேன்.

சுற்றியுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு வருடக்கணக்காகப் போயிருக்கிறேன். கையெழுத்து, டீ, "எமிஸ் ஓப்பன் ஆகுதா?" என்று பள்ளி விவரம் ஏற்றும் இணையதளத்தைப் பற்றி ஒரு கேள்வி, பஸ். வேறு பேச்சு கிடையாது. ஒருநாள் என் நோட்டின் ஒரு பக்கத்தையும் ஒரு பிள்ளையின் கணக்குத் தாளையும் எடுத்துப்போய், பக்கத்துப் பள்ளி சாரிடம், "சார், இந்தப் பிள்ளை எப்படி யோசிச்சிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். டீ ஆறிப்போகும்வரை பேசினோம். "உங்க வகுப்பு எப்படிப் போகுது" என்று கேட்டிருந்தால் "ஏதோ போகுது டீச்சர்" என்றிருப்பார். மற்றவரோடு தொழில் பேச வேண்டுமானால் கையில் ஒரு பொருளோடு போங்கள்: ஒரு தாள், ஒரு சிலேட்டின் படம், ஒரு வரி. பேச்சு அதன்மேல் இருக்கும், உங்கள்மேலும் அவர்மேலும் இருக்காது.

அப்படி மூன்று பேர் ஆனோம். நான், அந்த சார், வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர். ஜப்பானில் ஜுக்யோ கென்க்யூ என்று நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு வழக்கம் இருப்பதைப் பயிற்றுநர் சொன்னார். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். பார்க்க வருகிறவர் பார்ப்பது ஆசிரியரை இல்லை, பிள்ளைகளை. அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ஈராசிரியர் பள்ளியில் வெளியே போவது லேசு இல்லை. நாங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை அரைநாள் தற்செயல் விடுப்பு எடுத்து, இரண்டு பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் முன்பே சொல்லிவிட்டு, ஒருவர் வகுப்புக்கு இன்னொருவர் போகிறோம். அரைநாள் விடுப்பு பெரிய விலை என்று நினைப்பீர்கள். எனக்கு வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு தந்ததில்லை.

முதல் தடவை அவர்களை அழைத்தபோது ஒரு தப்பு செய்தேன். எனக்கு நன்றாக வரும் பாட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒத்திகை கொடுத்துவிட்டேன். எல்லாம் அழகாக நடந்தது. பேச உட்கார்ந்தபோது பேச எதுவும் இல்லை. சார் அரைநாள் விடுப்பைச் செலவழித்து ஒரு கலைநிகழ்ச்சி பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து, எனக்கு வராத பாடத்துக்குத்தான் கூப்பிடுகிறேன். உங்கள் வகுப்புக்கு யாரையாவது கூப்பிட்டால் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பேசுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் முறை இது: நடத்தியவர் முதலில் பேசுவார். வந்தவர் ஒவ்வொருவரும் தான் கவனித்த ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி, பார்த்ததை மட்டும் சொல்வார். "நீங்க இப்படிச் செஞ்சிருக்கலாம்" என்ற பேச்சு, நடத்தியவர் கேட்டால் மட்டும். அரை மணி நேரம். ஒருமுறை சார், "டீச்சர், சன்னலோரம் இருந்த பொண்ணு பத்து நிமிஷம் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துச்சு, நீங்க பேசாதேன்னு அதட்டினீங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் குற்றம் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். மறுநாள் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வாட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கிறோம். வாரம் ஒரு கேள்வி, பெயர் மறைத்த ஒரு படம். காலை வணக்கமும் வேறு செய்திகளும் அதில் போடுவதில்லை. வேறு விதி கிடையாது.

தொழிலுக்குள் இருப்பவர்களோடு மட்டும் பேசினால் போதாது என்று எனக்குக் காட்டியவர் ஒரு அப்பாயி. கழித்தலில் தடுமாறிய ஒரு பையனின் அப்பாயி, வாரச்சந்தையில் வெற்றிலை விற்பவர். 17 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். அவர் என் உள்ளங்கையில் மூன்று ஒற்றை ரூபாயை வைத்து, "இருபது" என்றார். முப்பது ரூபாயை வைத்து, "அம்பது, சரியா தாயி?" என்றார். கழிக்கவே இல்லை, ஏறிப் போனார். பள்ளிக்கூடம் போகாதவர். திங்கட்கிழமை அவர் பேரனிடம், "உங்க அப்பாயி 42 ரூபாய் வாங்கி 17 ரூபாய்க்கு வெத்தலை குடுத்தா மிச்சம் எப்படிடா தருவாங்க?" என்று கேட்டேன். "மூணு வெச்சா இருபது. இருபது வெச்சா நாப்பது. இன்னும் ரெண்டு. இருபத்தஞ்சு டீச்சர்." ஒரு மாதமாகச் சிலேட்டில் 35 எழுதியவன், வாயால் ஒரு நிமிஷத்துக்குள் சொன்னான். அவனுக்குக் கழிக்கத் தெரியும். நான் அவன் வீட்டில் கேட்காமல் இருந்தேன்.

அதிலிருந்து பெற்றோர் வந்தால், பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று நான் சொல்வதற்கு முன்னால், அவன் வீட்டில் எதைத் தானாகச் செய்கிறான் என்று அவர்களிடம் கேட்கிறேன். பதிலை நோட்டில் எழுதிக்கொள்கிறேன். ஆடு எண்ணுகிறவன், பால் அளக்கிறவள், தம்பிக்குக் கதை சொல்கிறவள் எல்லாரும் அப்படித்தான் என் வகுப்புக்குள் வந்தார்கள்.

விட்டுப்போகும்போது

விட்டுப்போகும். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, வீட்டில் உடம்பு சரியில்லாதவர் என்று 2021-ல் எனக்கு நாலு மாதம் ஒரு வரிகூட இல்லை. விட்ட நாட்களை நினைத்து எழுதி நிரப்பப் பார்க்காதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு இன்றைய பிள்ளையை எழுதுங்கள். நாலு வரி முடியாத நாளில் இரண்டாவது வரியை மட்டும், அந்தப் பிள்ளை சொன்னதை மட்டும், எழுதினால் போதும். மற்ற மூன்றும் பிறகு வந்துவிடும்.

வருடக் கடைசியில், ஏப்ரலில், முழு நோட்டையும் ஒருமுறை படிக்கிறேன். எந்த வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்தினேன், எதைப் புதிதாகச் செய்கிறேன், எந்தப் பிள்ளைக்கு என்னால் முடியவில்லை என்று மூன்று தலைப்பில் குறித்துக்கொள்கிறேன். மூன்றாவதை எழுதும்போது நெஞ்சு கனக்கும். ஆனாலும் எழுதி, நாலாம் வகுப்புக்குப் போகும் அந்தப் பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசுகிறேன்.

நேற்றைய பக்கம் இது:

"நினைத்தது: 402 கழித்தல் 17. நடந்தது: ம, 'பத்துக் கட்டே இல்லையே டீச்சர், எதை அவிழ்க்க?' என்று கேட்டுவிட்டு, 2-ஐ 12 ஆக்கிக்கொண்டு 415 என்று எழுதினான். எதிர்பாராதது: 4-ஐத் தொடவே இல்லை, நூறுக் கட்டுக்குள் பத்துக் கட்டுகள் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. நான் நூறுக் கட்டை அவர்களைக் கட்டவிடாமல், எப்போதும் நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு: முதல் பெல்லுக்கு முன்னால் ஆயிரம் ஈர்க்குச்சி வேண்டும். பிள்ளைகளே எண்ணிக் கட்டட்டும். சாரிடம் மிச்சம் இருக்கிறதா என்று இன்று ராத்திரி கேட்க வேண்டும்."